உமிச்சாம்பலைச் சீமெந்தோடு கலக்கலாமா? வன்னியில் வீடு கட்டுவோர் கேட்கும் கேள்விகள்

காலபோக அறுவடை முடிந்து பரந்தன், கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து அரிசி மில்கள் ஓடத் தொடங்கினால், மில்லின் பின்வளவில் உமியும் சாம்பலும் குவிந்துவிடும். காற்றடித்தால் அயல் வீட்டுக் கொடியில் காயும் உடுப்பெல்லாம் சாம்பல். அதே ஊரில் பாதியில் நின்றுபோன வீடுகள் கம்பி துருத்திக்கொண்டு நிற்கின்றன. கேட்டால், சீமெந்து வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு வரும் கேள்விதான் தலைப்பில் இருப்பது. நான் சீமெந்துக் கல் அரிகிற வாடி ஒன்று வைத்திருப்பவன். சில வருடங்களாக உமிச்சாம்பலோடு மல்லுக்கட்டி வருகிறேன். வாடிக்கு வருகிறவர்களும் தொலைபேசியில் கூப்பிடுகிறவர்களும் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உமிச்சாம்பலும் உமிக்கரியும் ஒன்றா?

இல்லை. முதலில் தெளிவாக்க வேண்டியது இதைத்தான். எங்கள் அம்மம்மா உமியை மூட்டம் போட்டுக் கருக்கி, உப்புச் சேர்த்து இடித்து, பல் விளக்கத் தருவார். கை, வாய் எல்லாம் கறுப்பாகும். அது உமிக்கரி. காற்றுப் போதாமல் எரிந்ததால் அதில் கரி அப்படியே இருக்கிறது. அந்தக் கரியும் எரிந்து தீர்ந்த பிறகு மிஞ்சுவது சாம்பல் நிறத்தில், தொட்டால் பொலபொலவென்று உதிரும். அதுதான் உமிச்சாம்பல். சீமெந்துக்கு உதவுவது இரண்டாவதுதான்.

நெல்லின் நிறையில் ஏறத்தாழ 20 வீதம் உமி. அந்த உமியை முழுதாக எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ 20 வீதம் சாம்பலாக நிற்கும். ஆக, 1000 கிலோ நெல்லுக்கு 200 கிலோ உமி, அதிலிருந்து 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 வீதம் வரை சிலிக்கா. நெற்பயிர் வேரால் மண்ணிலிருந்து உறிஞ்சி உமியில் சேர்த்து வைப்பது அது. உமி கையில் சொரசொரப்பதும், மாடுகூடத் தின்னாமல் விடுவதும் அதனால்தான்.

சாம்பல் எப்படிச் சீமெந்தின் வேலையைச் செய்யும்?

தனியாகச் செய்யாது. சாம்பலைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் அது காய்ந்து மீண்டும் சாம்பலாகத்தான் உதிரும். அதற்குச் சுண்ணாம்பு வேண்டும்.

சீமெந்தில் தண்ணீர் பட்டதும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. ஒன்று, கல்லையும் மணலையும் பிடித்து வைத்திருக்கிற பசை. மற்றது கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது நீறின சுண்ணாம்பு. இந்தச் சுண்ணாம்பால் பலத்துக்குப் பெரிய உதவி கிடையாது. கொங்கிறீட்டுக்குள் சும்மா கிடக்கும். தண்ணீர் ஊறினால் கரைந்து வெளியே வந்து சுவரில் வெள்ளையாகப் பூக்கும். சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சும்மா கிடக்கிற சுண்ணாம்பைப் பிடித்து, அதையும் அதே பசையாக மாற்றுகிறது. நுண்ணிய துளைகள் அடைபடுகின்றன. சீமெந்து குறைந்தும் பலம் குறையாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எல்லாச் சிலிக்காவும் இப்படி வேலை செய்யாது. மணலும் சிலிக்காதான், அது பளிங்காக, ஒழுங்காக அடுக்கப்பட்டு இறுகிப்போனது. சுண்ணாம்பு அதைத் தொடாது. அடுக்கு ஒழுங்கில்லாத, கண்ணாடி போன்ற சிலிக்காதான் வேண்டும். உமியைச் சரியான சூட்டில் எரித்தால் கிடைப்பது அது. சூடு மிஞ்சினால் அதுவும் பளிங்காகிவிடும். பிறகு நீங்கள் போடுவது விலை கூடிய மணல்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பா?

இல்லை. ரோமர்கள் எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கட்டிய துறைமுகங்கள் இன்றும் கடலுக்குள் நிற்கின்றன. உமிச்சாம்பலை ஒழுங்காக ஆராய்ந்து, எந்தச் சூட்டில் எரித்தால் வேலை செய்யும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் பி. குமார் மேத்தா. அது 1970களில்.

மில்லில் கிடக்கிற சாம்பலை அப்படியே அள்ளிக் கலக்கலாமா?

கலக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

நான் கலந்தேன். முதல்முறை ஒரு மில்லில் இருந்து லான்ட்மாஸ்டர் பெட்டி நிறையச் சாம்பல் ஏற்றி வந்தோம். நல்ல கறுப்பு. அரைக்கவில்லை, மணல் அரிக்கிற அரிதட்டால் அரித்ததோடு சரி. ஐந்தில் ஒரு பங்கு சீமெந்தைக் குறைத்து, அந்த அளவுக்குச் சாம்பலைப் போட்டு, எங்கள் கிணற்றடியைச் சுற்றித் தளம் போட்டோம். கலக்கும்போதே பிழை தெரிந்தது. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. சவளால் புரட்டப் புரட்டக் கலவை பொருக்குப் பொருக்காகவே நின்றது. மேசன் வாளி வாளியாக ஊற்றினார், நானும் தடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், ஐந்து ரூபாய்க் குற்றியால் சுரண்டினாலே கறுப்புத் தூள் வருகிறது. குளித்துவிட்டு வருகிற பிள்ளைகளின் உள்ளங்கால் கறுப்பு. வாளி வைக்கிற இடம் குழிந்தது. அடுத்த மாரி மழையோடு தளம் பாளம் பாளமாகக் கிளம்பிவிட்டது.

இதில் மூன்று பிழை. சாம்பலில் கரி கூட. கரி தண்ணீரைக் குடிக்கும், பலம் தராது. அரைக்காததால் சாம்பல் தேன்கூடு மாதிரித் துளைகளோடு இருந்து இன்னும் தண்ணீரைக் குடித்தது, சுண்ணாம்போடு சேருவதற்கான மேற்பரப்பும் போதவில்லை. அத்தோடு, சோதிக்காத சாம்பலை 20 வீதம் போட்டது. தளமாக இருந்ததால் கிளப்பிவிட்டுத் திரும்பப் போட்டோம். அது ஒரு கூரைப் பிளாட்டாகவோ தூணாகவோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

புழுங்கல் மில்லின் பொயிலர்ச் சாம்பலை என்ன செய்யலாம்?

அதைத் திரும்ப எரிக்கலாம். பொயிலரில் வேகமாக எரிந்து விழுவதால் அதில் பெரும்பாலும் கரி மிஞ்சியிருக்கும். அந்தக் கறுப்புச் சாம்பலை மெல்லிய படையாகப் பரப்பி, காற்றுப் படும்படி கனன்று எரிய விட்டால் கரி தீர்ந்து நிறம் வெளுக்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான், ஏனென்றால் உமியை நெல் அவிப்பதற்காக எப்படியும் எரிக்கிறார்கள். சாம்பலுக்கென்று புதிதாகப் புகை கிளப்ப வேண்டியதில்லை.

புதிதாக உமியை எரிப்பதென்றால் எப்படி?

வெளியில் குவித்து நெருப்பு வைத்தால் ஒரே குவியலில் மூன்று விதச் சாம்பல் வரும்: ஓரத்தில் கரி, இடையில் நல்லது, நடுவில் சூடு மிஞ்சியது. அதற்குப் பதிலாக ஒரு கூடு கட்ட வேண்டும். செங்கல்லை இடைவெளி விட்டு வட்டமாக அடுக்கி, உள்ளே கம்பிவலையால் ஒரு கூடை, கூடையின் நடுவே துளையிட்ட தகரக் குழாய் ஒன்று. வலைக்கும் குழாய்க்கும் இடையில் உமி. வெளியிலிருந்தும் நடுவிலிருந்தும் காற்றுப் போகும். அடியில் நெருப்பு வைத்தால், சுவாலை விடாமல் கனன்று கனன்று ஒரு நாள் வரை எரியும். அவசரப்பட்டு விசிறி வைத்து ஊதக் கூடாது; ஊதினால் சூடு ஏறிவிடும். தானாக ஆறட்டும்.

சூடு 500 முதல் 700 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேலே போகப் போகச் சிலிக்கா பளிங்காகத் தொடங்கும். வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு வழி: அலுமினியம் 660 பாகையில் உருகும். பழைய மின்சார அலுமினியக் கம்பியில் விரல் நீளத் துண்டுகள் வெட்டி, உமிக்குள் நாலைந்து இடத்தில் புதைத்து விடுங்கள். ஆறிய பிறகு எடுத்துப் பார்த்தால், கம்பி கம்பியாகவே இருந்தால் சூடு மிஞ்சவில்லை. உருகி மணி மணியாகக் கிடந்தால் அந்த இடத்தில் சூடு எல்லையை நெருங்கியோ தாண்டியோ விட்டது. இருட்டில் பார்க்கும்போது கனல் மங்கலான சிவப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சளாகப் பளபளத்தால் சூடு கூடிவிட்டது.

எரிந்த சாம்பலின் நிறம் சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தால் நல்லது. கறுப்பென்றால் கரி மிச்சம். தூய வெள்ளையோடு இளஞ்சிவப்பும் தெரிந்தால் சூடு மிஞ்சியிருக்கலாம், அதைத் தனியே ஒதுக்குங்கள்.

அரைக்காமல் விட்டால் என்ன?

மேலே சொன்ன கிணற்றடிதான். சீமெந்தை விட நுண்மையாக அரைபட வேண்டும் சாம்பல். இருபுறமும் மூடிய இரும்புப் பீப்பா ஒன்று, அதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு இரும்புக் குண்டுகள் அல்லது சிறிதாக வெட்டிய தடித்த கம்பித் துண்டுகள், படுக்க வைத்துச் சுழற்ற ஒரு மோட்டார். வேகமாகச் சுற்றினால் குண்டுகள் பீப்பாச் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும். மெதுவாகச் சுற்றினால்தான் மேலே ஏறி விழுந்து அரைக்கும். பல மணித்தியாலம் எடுக்கும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தால் முகத்துக்குப் பூசுகிற பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். ஒரு நறுநறுப்பு இருந்தாலும் திரும்பப் பீப்பாவுக்குள்.

ஊரில் மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைக்கிற மில்லில் கொண்டுபோய் அரைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். தயவுசெய்து வேண்டாம். அடுத்து அரைக்கிற மாவோடு அந்தத் தூள் வயிற்றுக்குள் போகும்.

சாம்பல் நல்லதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். நான் இரண்டு சோதனை செய்வேன்.

கரியைப் பார்க்க: சாம்பலை நன்றாக உலர்த்தி, நகை நிறுக்கிற மாதிரிச் சின்னத் தராசில் 100 கிராம் நிறுத்து எடுங்கள். மண் சட்டியில் போட்டு, செங்கல் சூளை எரியும்போது உள்ளே வைத்துவிட்டு, பிறகு எடுத்து நிறுங்கள். 90 கிராமுக்குக் கீழே வந்தால் கரி 10 வீதத்துக்கு மேல் இருந்திருக்கிறது. இயற்கைச் சாம்பல்களுக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கிற எல்லையும் 10 வீதம்தான். எனக்கு 6, 7 வந்தாலே மனம் நிறையும். சூளைக்குள் போன அந்தச் சாம்பலைக் கலவைக்கு எடுக்க வேண்டாம், அது சூடு மிஞ்சியது.

வேலை செய்யுமா என்று பார்க்க: அரைத்த சாம்பல் இரண்டு பங்கு, நீறின சுண்ணாம்பு ஒரு பங்கு, நிறையால். தண்ணீர் விட்டுப் புட்டுமா பிடிக்கிற பதத்தில் பிசைந்து எலுமிச்சங்காய் அளவு உருண்டைகள் பிடியுங்கள். பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி நிழலில் பத்து நாள் வையுங்கள். பிறகு ஒன்றைத் தண்ணீர்க் கிளாசில் போடுங்கள். நல்ல சாம்பல் என்றால் உருண்டை உருண்டையாகவே இருக்கும், நகத்தால் கீறினாலும் இலகுவில் கீறுப்படாது. பிழையான சாம்பல் என்றால் கொஞ்ச நேரத்தில் சேறாகி அடியில் படியும். செலவே இல்லாத சோதனை. இதைச் செய்யாமல் யாரும் ஒரு பை சீமெந்தைக்கூட உடைக்க வேண்டாம்.

இந்த இரண்டும் கழிக்க வேண்டியதைக் கழிப்பதற்கு. எவ்வளவு பாரம் தாங்கும் என்று அறியச் சோதனைக்கூடம்தான் வேண்டும்.

எவ்வளவு கலக்கலாம்?

சீமெந்தின் நிறையில் 10 வீதம். ஒரு பை 50 கிலோ என்றால் 45 கிலோ சீமெந்து, 5 கிலோ சாம்பல். நல்ல சாம்பலாக இருந்தால் ஆய்வுகளில் 15, 20 வீதம் வரையும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அது சோதனைக்கூடத்துச் சாம்பல், சோதனைக்கூடத்துத் தண்ணீர் அளவு. எங்கள் முற்றத்துக்கு 10 போதும்.

நிறுத்துத்தான் போட வேண்டும். அளவுப் பெட்டியால் அளந்தால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் சாம்பல் பாரமில்லாதது. அதே நிறைச் சீமெந்தை விட இரண்டு மூன்று மடங்கு இடம் பிடிக்கும். 5 கிலோவை ஒருமுறை நிறுத்து ஒரு வாளியில் கொட்டி, எதுவரை வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டால் பிறகு வேலை சுலபம். சீமெந்தையும் சாம்பலையும் முதலில் காய்ந்தபடியே நன்றாகப் புரட்டி, ஒரே நிறமாக வந்த பிறகுதான் மணலுக்குள் போட வேண்டும்.

நான் வாங்குகிற சீமெந்துப் பையில் ஏற்கெனவே சாம்பல் இருக்கிறதாமே?

இருக்கலாம். பையைத் திருப்பி, எஸ்.எல்.எஸ். என்கிற இலங்கைத் தரநிலை இலக்கத்தைப் பாருங்கள். எஸ்.எல்.எஸ். 107 என்று இருந்தால் அது சாதாரண போட்லண்ட் சீமெந்து. எஸ்.எல்.எஸ். 1247 என்றால் கலப்புச் சீமெந்து. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் போன்ற பொருள்கள் தொழிற்சாலையிலேயே சேர்க்கப்பட்டவை இந்த வகையில் வருகின்றன. எஸ்.எல்.எஸ். 1253 என்றால் சுண்ணக்கல் தூள் சேர்த்தது.

நான் மேலே சொன்ன கணக்கு 107க்கு மட்டும். ஏற்கெனவே கலந்த சீமெந்தில் நாமும் கலந்தால் உண்மைச் சீமெந்து எவ்வளவு மிஞ்சும் என்று கைக்கணக்கில் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பலர் விலையை மட்டும் கேட்டுப் பையை ஏற்றுகிறார்கள். இலக்கத்தைப் பார்க்கிறவர் குறைவு. சாம்பல் கலக்காவிட்டாலும் அந்த இலக்கத்தைப் பார்க்கப் பழகுங்கள்.

மேசன் தண்ணீர் கூட வேண்டும் என்கிறாரே?

கேட்கத்தான் செய்வார். நன்றாக அரைத்தாலும் சாம்பல் கொஞ்சம் தண்ணீர் கூடக் கேட்கும். கலவை சாந்தகப்பையில் ஒட்டிக்கொண்டு இறுகலாக நிற்கும், இழுத்து மட்டம் பண்ணக் கை வலிக்கும். அவரைப் பிழை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர் கூடினால் பலம் குறையும். சாம்பல் இல்லாத கொங்கிறீட்டிலும் இதுதான் விதி.

வேலை தொடங்க முன்னமே மேசனோடு இருந்து பேசுங்கள். இன்ன அளவு தண்ணீர்தான், அதற்கு மேல் ஒரு சிரட்டையும் இல்லை என்று சொல்லி வையுங்கள். கலவையை இளக்குகிற திரவம் ஹாட்வெயாரில் கிடைக்கும், போத்தலில் எழுதியிருக்கிற அளவுக்குச் சேர்க்கலாம். சாம்பலை 10 வீதத்தில் இருந்து 7க்குக் குறைத்தாலும் கலவை கைக்கு அடங்கும். தண்ணீரைக் கூட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும்?

14 நாள். சாதாரணக் கொங்கிறீட்டுக்கு ஒரு கிழமை விடுகிறவர்களே குறைவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாம்பல் சுண்ணாம்போடு சேருகிற வேலை மெதுவாக, பல கிழமைகளாக நடக்கிறது. ஈரம் இல்லாவிட்டால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். நின்ற பிறகு நனைத்தாலும் பழையபடி வராது.

ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கும்போது வன்னி வெயிலில் காலையில் ஊற்றின தண்ணீர் பத்து மணிக்கே காய்ந்துவிடும். ஆகவே ஊற்றிவிட்டுப் போவது போதாது, மூட வேண்டும். தளத்துக்கு நனைத்த சாக்கு. அரிந்த கல்லுக்கு நிழல், மேலே கிடுகு அல்லது பனையோலை, காலையும் மாலையும் தெளிப்பு. பலகை கழற்றுவதையும் வழமையை விடச் சில நாள் தள்ளிப் போடுங்கள்.

எதற்கெல்லாம் போடலாம்?

சீமெந்துக் கல், வீட்டுத் தளம், முற்றத்து நடைபாதைக் கல், கிணற்றடி, பூச்சு, மாட்டுக்கொட்டில் தளம். இவற்றுக்குத் தாராளமாக. பிழைத்தாலும் ஒரு பகுதியைக் கிளப்பித் திருத்தலாம், ஒருவருடைய தலையில் விழாது.

பிளாட், தூண், வளை, தண்ணீர்த் தாங்கி, மாடிப்படி ஆகியவற்றுக்கு, பொறியியலாளர் ஒருவர் பார்த்து, கனக்குற்றி (கன வடிவக் கொங்கிறீட் துண்டு) வார்த்து நசுக்கிச் சோதித்த பிறகே போட வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் போட வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாம்பலில் எனக்கு இவ்வளவு விருப்பம் இருந்தும், எங்கள் வீட்டுப் பிளாட்டுக்கு நான் போடவில்லை.

கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இது நல்லதா?

முல்லைத்தீவு, மன்னார், பூநகரிக் கரையில் இருப்பவர்களுக்கு வீட்டின் எதிரி உப்பு. உப்புக் காற்று கொங்கிறீட்டின் துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; துரு பருத்துக் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். நன்றாக அரைத்த உமிச்சாம்பல் துளைகளை அடைப்பதால் உப்பு உள்ளே போவது நன்றாகவே குறைகிறது. உமிச்சாம்பலின் மிகப் பெரிய பயன் இதுதான், காசு மிச்சம் பிடிப்பதுகூட அடுத்ததுதான் என்று சொல்வேன்.

ஆனால் சாம்பல் போட்டுவிட்டோம் என்று கம்பிக்கு மேலே விடுகிற கொங்கிறீட்டின் தடிப்பைக் குறைக்கக் கூடாது. உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கலந்தாலும் எல்லாம் வீண். உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டியதாகிவிடும்.

உண்மையில் காசு மிஞ்சுமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாம்பல் போடக்கூடிய வேலைகளுக்கு 100 பை சீமெந்து போகிறது என்று வைத்தால், 10 வீதம் என்பது 10 பை, அதாவது 500 கிலோ சாம்பல். அதற்கு 2,500 கிலோ உமி வேண்டும். அந்த உமிக்கு 12,500 கிலோ நெல், 70 கிலோ மூட்டைக் கணக்கில் ஏறத்தாழ 180 மூட்டை. ஒரு குடும்பத்துச் சொந்த நெல்லில் வருகிற சாம்பல் ஒரு வீட்டுக்குக் காணாது. எரிக்கிற கூலி, அரைக்கிற மின்சாரம், ஏற்றுகூலி எல்லாம் சேர்த்தால், தனி ஒருவர் தன் வீட்டுக்காக மட்டும் செய்வதில் மிச்சம் சொற்பம்.

கல் அரிகிற வாடிக்கும், பத்துப் பதினைந்து வீட்டுக்காரர் சேர்ந்து செய்கிறவர்களுக்கும் கணக்கு வேறு. வாடிக்குச் சீமெந்து நாள்தோறும் போகிறது, பீப்பா ஒருமுறை செய்தால் வருடக்கணக்கில் ஓடும். இரணைமடுக் குளத்தின் கீழ் மட்டும் 20,000 ஏக்கருக்கு மேல் நெல் விளைகிறது. முத்தையன்கட்டு, வவுனிக்குளத்தின் கீழும் வயல்கள் இருக்கின்றன. ஒரு கமக்காரர் அமைப்போ கூட்டுறவுச் சங்கமோ ஒரு கூட்டையும் ஒரு பீப்பாவையும் வைத்து, அரைத்த சாம்பலைச் சோதித்துப் பையில் அடைத்துக் கொடுத்தால் ஊருக்கே பிரயோசனம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் நின்றதிலிருந்து வடக்குக்குச் சீமெந்து வெளியில் இருந்துதான் வருகிறது. 2022 நெருக்கடியில் ஒரு பை 2,000 ரூபாயைத் தாண்டியபோது கட்டிக்கொண்டிருந்த சுவரை அப்படியே விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். கையில் காசிருந்தும் கடையில் சீமெந்து இல்லாத கிழமைகளும் இருந்தன. அந்த நேரத்தில் ஊரில் சோதித்த சாம்பல் இருந்திருந்தால் பத்துப் பைக்கு ஒரு பையாவது மிஞ்சியிருக்கும்.

எந்த நெல்லின் உமியும் சரிதானா?

சரிதான். ஆட்டக்காரியா, சம்பாவா என்பதால் பெரிய வித்தியாசம் வராது. எரித்த விதமும் அரைத்த விதமும்தான் வித்தியாசம்.

சுவர் கறுப்பாக வருமா?

கரி இருந்தால் வரும். நல்ல சாம்பல் என்றால் வழமையான சீமெந்து நிறம், கொஞ்சம் மங்கலாக.

விறகுச் சாம்பல், வைக்கோல், கச்சான் கோது இவற்றின் சாம்பல்?

அடுப்பு விறகுச் சாம்பலில் சிலிக்கா குறைவு. சுண்ணாம்பும் பொட்டாசியமும்தான் கூட. அது தென்னைக்கும் தோட்டத்துக்கும் போகட்டும். வைக்கோலில் சிலிக்கா உண்டு, ஆனால் பொட்டாசியமும் உண்டு. அதை எரிப்பதை விட வயலுக்கே திருப்பிக் கொடுப்பது அல்லது மாட்டுக்குப் போடுவது நல்லது. கச்சான் கோதின் சாம்பல் உமிச்சாம்பலுக்கு ஈடாகாது. கரும்புச் சக்கைச் சாம்பல் நல்ல பொருள்தான், ஆனால் வன்னியில் சீனி ஆலை இல்லையே.

சுற்றுச்சூழலுக்கு இதனால் என்ன நன்மை?

சீமெந்துக்குச் சுண்ணக்கல்லை 1,450 பாகை வரை சுட வேண்டும். சுடுகிற எரிபொருளும் புகைக்கிறது, கல்லே தன்னுள் இருக்கிற கரியமில வாயுவையும் விடுகிறது. உலகம் முழுவதும் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 வீதம் சீமெந்தால் வருகிறது. பத்திலொரு பங்கு குறைந்தாலும் நல்லதுதான். ஆனால் ஊர் நடுவில் உமியைக் குவித்துப் புகைய விட்டு அயலவரை இரும வைத்தால் அது நன்மையில்லை. கூட்டைக் குடியிருப்புக்குத் தள்ளி, காற்றுத் திசை பார்த்துக் கட்டுங்கள்.

தூளால் உடம்புக்குக் கெடுதல் வருமா?

வரும். நுண்மையான தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. சூடு மிஞ்சிப் பளிங்கான சாம்பல் என்றால் இன்னும் ஆபத்து, அந்த வகைத் தூளை நாட்பட மூச்சில் எடுத்தால் நுரையீரல் இறுகிப்போகும். துவாயை மூக்கில் கட்டுவது போதாது. தூளுக்கென்று விற்கிற முகக்கவசம் போட்டுக்கொண்டு அரையுங்கள், பீப்பாவைத் திறக்க முன் தூள் அடங்கக் கொஞ்ச நேரம் விடுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். சாம்பல் கலந்த சீமெந்தும் சீமெந்துதான், கையுறை இல்லாமல் அளைந்தால் தோல் அரிக்கும்.

பலத்தை எங்கே சோதிப்பது? எத்தனை குற்றி வார்க்க வேண்டும்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. அங்குள்ள குடிசார் பொறியியல் துறையில் போய்க் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊர் உமியைப் பற்றிக் கேட்க அதை விடக் கிட்டிய இடம் இல்லை.

150 மில்லிமீற்றர்க் கனக்குற்றிகள், சாம்பல் போட்டதில் ஒன்பது, போடாததில் ஒன்பது. மணல், கல், தண்ணீர் எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் மூன்றை 7 ஆம் நாளும், மூன்றை 28 ஆம் நாளும் நசுக்கிப் பார்க்க வேண்டும். மிச்ச மூன்றை 90 ஆம் நாள் வரை தண்ணீருக்குள் வைத்து, பிறகு நசுக்குங்கள். 7 ஆம் நாள் சாம்பல் குற்றி பின்தங்கியிருந்தால் பதறாதீர்கள். நல்ல சாம்பல் என்றால் 28 இல் எட்டிப் பிடிக்கும், 90 இல் தாண்டவும் கூடும். 28 இலும் எட்டவில்லை என்றால் அந்தச் சாம்பலைத் தோட்டத்துக்குக் கொட்டிவிட்டு, கூட்டுக்குத் திரும்பிப் போய் எரித்த விதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.

ஒருமுறை சோதித்தால் போதுமா?

போதாது. கூடு மாறினால், மில் மாறினால், போகம் மாறினால் திரும்பச் சோதிக்க வேண்டும். சாம்பலைப் பையில் கட்டும்போது எரித்த திகதியைத் துண்டில் எழுதிப் பைக்குள்ளே போடுங்கள். ஈரம் படாமல் மரப்பலகைக்கு மேல் அடுக்கினால் சாம்பல் சீமெந்து மாதிரிக் கட்டியாக இறுகாது, அடுத்த போகம் வரைக்கும் இருக்கும். ஈரம் பட்டால் நிறைக்கணக்குப் பிழைத்துவிடும். அப்போது வெயிலில் பரப்பிக் காயவைத்து, திரும்ப நிறுத்துப் போடுங்கள்.